ரெண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது, எதை எடுப்பது? பிசினஸ் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், என் போன் ஓயாது. "ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு, எதுல சேரட்டும்?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவனாக பிசினஸ் படித்தவன்தான். சேரும்போது நான் பார்த்தது பல்கலைக்கழகத்தின் பெயரை. பார்த்திருக்க வேண்டியது என் கையில் இருந்த மூன்று காகிதங்களை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இளங்கலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன், முதுகலை, எம்பிஏ ஆட்களுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டு அட்மிஷனும் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

ரேங்கிங் பக்கத்தை மூடிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு இடத்திலிருந்தும் வந்த அட்மிஷன் கடிதம், ஸ்காலர்ஷிப் கடிதம், செலவு மதிப்பீடு, இவற்றைப் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போன் திரையில் படித்தால் அடியில் இருக்கும் சின்ன எழுத்து கண்ணில் படாது, விவகாரமெல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் ஒப்பிடப்போவது இரண்டு பல்கலைக்கழகங்களை அல்ல. உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இரண்டு இடங்களை. ஒரே பல்கலைக்கழகத்தில் சேரும் இரண்டு பேருக்கு அந்த இடம் வேறு வேறாக இருக்கலாம்: ஒருவர் நேரடியாக பிசினஸ் ஸ்கூலுக்குள், இன்னொருவர் வாசலில்.

வாசலில் என்றால்? பிசினஸ் படிக்கத்தானே அட்மிஷன் கொடுத்தார்கள்?

அது கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பிசினஸ்" என்று இருக்கிறதா, "ப்ரீ-பிசினஸ்" என்று இருக்கிறதா, இல்லை "முடிவு செய்யப்படவில்லை" என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா? பல பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது ஒரு கதவு, பிசினஸ் ஸ்கூலுக்குள் நுழைவது இன்னொரு கதவு. முதலாண்டில் கால்குலஸ், பொருளாதாரம், அக்கவுண்டிங் எல்லாம் எடுத்து, அந்த மார்க்கை வைத்து மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காமல் போனால் வேறு மேஜர், அதாவது வேறு முதன்மைப் பாடம், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளூர் மாணவருக்கு அது ஏமாற்றத்தோடு முடிந்துவிடும், நமக்கோ மேஜர் மாறினால் ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) மாறும், படிப்பை முடிக்கும் தேதி தள்ளிப்போகலாம், வீட்டில் போட்ட கணக்கும் கலைந்துவிடும்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் ஸ்கூலில் இளங்கலை மாணவர்கள் முன்பெல்லாம் இரண்டாம் ஆண்டில்தான் விண்ணப்பிப்பார்கள், 2024 முதல் நான்காண்டுப் படிப்பாகவே முதலாண்டில் சேர்க்கிறார்கள். அதே கலிபோர்னியாவில் யுசிஎல்ஏவில் இளங்கலைக்கு "பிசினஸ்" என்ற மேஜரே கிடையாது, பிசினஸ் எகனாமிக்ஸ்தான். ஆக, ஐந்து வருடம் முன்னால் படித்த அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரே வரியில் மெயில் போடுங்கள்: "நான் முதல் நாளிலிருந்தே பிசினஸ் ஸ்கூல் மாணவரா, அல்லது பிறகு விண்ணப்பிக்க வேண்டுமா? கடந்த ஆண்டு அப்படி விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?" இரண்டாவது கேள்விக்கு எண்ணில் பதில் தர மறுத்தால் அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கிறார்கள், இன்னொன்றில் இல்லை. ஸ்காலர்ஷிப் உள்ளதுதானே மலிவு?

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு உதாரணம், எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. முதலாவது, பெரிய நகரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம்: படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 டாலர், ஸ்காலர்ஷிப் 15,000. இரண்டாவது, சின்ன ஊரில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகம்: வெளிமாநிலத்தவர் கட்டணம் 28,000, ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் தனியாரில் 25,000தான், 3,000 டாலர் மிச்சம், முடிவு முடிந்தது.

இப்போது நான்கு வருடத்துக்கு நீட்டுங்கள். கட்டணம் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஏறும், ஸ்காலர்ஷிப் தொகை ஏறாது, கடிதத்தில் எழுதிய அதே 15,000தான். தனியாரில் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் நான்கு வருடக் கட்டணம் 1,69,859, அதில் 60,000 கழித்தால் 1,09,859. மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2 சதவீதம் ஏறினால் மொத்தம் 1,15,405. மிச்சம் 12,000 என்று நினைத்தது ஐயாயிரத்துச் சொச்சமாகக் கரைந்துவிட்டது. அப்புறம் வாடகையும் சாப்பாடும். நகரத்தில் ஆண்டுக்கு 24,000, சின்ன ஊரில் 14,000 என்றால் நான்கு வருடத்தில் 40,000 வித்தியாசம், அது அப்படியே மறுபக்கம் சாய்கிறது. "மலிவு" என்று நினைத்த இடம் 34,000 டாலருக்கு மேல் அதிகமாக வந்து நிற்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிலிருந்து பிசினஸ் மாணவர்களுக்கு மட்டும் தனிக் கூடுதல் கட்டணம் வைத்திருப்பார்கள், பல இடங்களில் இது உண்டு, வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனியாக வாங்கும் இடங்களும் உண்டு. அதற்கு ஒரு 4,000 போட்டாலும் வித்தியாசம் 30,000 இருக்கிறது.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும், விடை தலைகீழாகவும் வரலாம். ஆனால் நான்கு வருடத்துக்கும் தனித்தனி வரி போட்டு எழுதாமல் முடிவெடுக்காதீர்கள். ஹெல்த் இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள், அதுவே ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும், பெரும்பாலான இடங்களில் கட்டாயமும்கூட.

ஸ்காலர்ஷிப் கடிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

எத்தனை வருடத்துக்கு, எந்த நிபந்தனையில். "புதுப்பிக்கத்தக்கது" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஜிபிஏ எண் (4-க்கு இத்தனை என்று போடும் மார்க் சராசரி) இருக்கும். 3.0 என்றால் மூச்சு விடலாம். 3.5 என்றால் யோசியுங்கள், ஏனென்றால் பல பிசினஸ் ஸ்கூல்களில் வகுப்புச் சராசரி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று கர்வ் வைத்து மார்க் போடுவார்கள், நீங்கள் நன்றாக எழுதினாலும் பக்கத்தில் இருப்பவர் இன்னும் நன்றாக எழுதிவிட்டால் பி ப்ளஸ்தான்.

என்னோடு படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், 3.5 கேட்ட இடத்தில் 3.47 எடுத்தான். அந்த 0.03க்கு அடுத்த வருட உதவி முழுதாகப் போனது. மேல்முறையீடு எழுதினான், பேராசிரியர் ஒருவர் பரிந்துரையும் கொடுத்தார், இரண்டு வரிப் பதில் வந்தது, விதி விதிதான் என்று. அன்று ராத்திரி அவன் லேப்டாப்பில் எக்ஸெல் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தில் எந்தக் க்விஸ் காலை வாரியது என்று தேடிக்கொண்டிருந்தான். அதனால் கேட்டுவிடுங்கள்: ஜிபிஏ ஒவ்வொரு செமஸ்டருக்கும் பார்க்கப்படுமா, வருடத்துக்கு ஒருமுறையா, கீழே போனால் ஒரு வாய்ப்பு தருவார்களா?

இன்னொரு சின்ன விஷயம். படிப்புக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு அமெரிக்க வருமான வரி உண்டு. "முழு ஸ்காலர்ஷிப்" என்று கடிதம் வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

கூடுதல் ஸ்காலர்ஷிப் கேட்டால் அட்மிஷனை ரத்து செய்துவிடுவார்களா?

மரியாதையாகக் கேட்டால் மாட்டார்கள். இன்னொரு இடத்தின் கடிதத்தை இணைத்து, "உங்கள் இடத்துக்குத்தான் வர விருப்பம், இந்த இடைவெளி மட்டும் தடையாக இருக்கிறது" என்று எண்ணோடு எழுதுங்கள். எம்பிஏவில் இது சர்வசாதாரணம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் இளங்கலையில் நடப்பது அரிது. மிரட்டும் தொனி வேண்டாம், இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லவும் வேண்டாம்.

ரேங்கிங்கைப் பார்க்கவே கூடாதா?

பாருங்கள், ஆனால் எதன் ரேங்க் என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் ரேங்க் ஒன்று, பிசினஸ் ஸ்கூலின் ரேங்க் ஒன்று, நீங்கள் எடுக்கும் துறையின் ரேங்க் ஒன்று. சவுத் கரோலினா பல்கலைக்கழகம் மொத்தப் பட்டியலில் உச்சியில் இருக்காது, ஆனால் அதன் டார்லா மூர் பிசினஸ் ஸ்கூல் இன்டர்நேஷனல் பிசினஸில் பல வருடங்களாக முன்வரிசையில் நிற்கிறது. சப்ளை செயின் என்றால் மிச்சிகன் ஸ்டேட் பெயரைச் சொல்லாமல் பேச்சு நகராது.

அப்புறம், அந்த எண்களைக் கொடுப்பது பல்கலைக்கழகங்களே. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் பிசினஸ் ஸ்கூல் ஆன்லைன் எம்பிஏ பட்டியலில் தொடர்ந்து 4 முறை முதலிடம் வாங்கியது. கொடுத்த தகவல்கள் பொய் என்று 2018-ல் வெளியே வந்தது, அதன் முன்னாள் டீனுக்கு 2022-ல் 14 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2022-லேயே கொலம்பியா பல்கலைக்கழகமும் தான் கொடுத்த சில எண்கள் தவறு என்று ஒப்புக்கொண்டது, கேள்வி எழுப்பியவர் அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர். இதைப் படித்த பிறகும் 38-ஆம் இடத்துக்கும் 45-ஆம் இடத்துக்கும் நடுவில் தூக்கம் கெடுகிறவர்களுக்கு என்னால் உதவ முடியாது. 10-க்கும் 110-க்கும் வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை.

தர அங்கீகாரம் வேறு விஷயம். பிசினஸ் ஸ்கூல்களுக்கு 1916-ல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி என்ற அமைப்பின் அங்கீகாரம் முக்கியம், அவர்கள் தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். ஒன்றுக்கு இருந்து மற்றதற்கு இல்லை என்றால் அது எந்த ரேங்கையும்விடப் பெரிய சேதி.

ஸ்டெம், ஸ்டெம் என்கிறார்களே, பிசினஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தால் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு, அதன் பெயர் ஓபிடி. உங்கள் படிப்பு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஒரு வருடமா, மூன்று வருடமா என்பது பட்டத்தின் பெயரைப் பொறுத்ததல்ல. ஐ-20யின் முதல் பக்கத்தில் உங்கள் மேஜருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆறு இலக்க சிஐபி எண்ணை, அதாவது படிப்பு எந்த வகை என்று காட்டும் குறியீட்டைப் பொறுத்தது.

52.0201 என்றால் பொதுவான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், பட்டியலில் இல்லை. 52.0801 ஃபைனான்ஸ், இல்லை. 52.1301 மேனேஜ்மென்ட் சயின்ஸ், இருக்கிறது. 30.7102 பிசினஸ் அனலிட்டிக்ஸ், இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரத்தில் 45.0601 என்று இருந்தால் இல்லை, 45.0603 என்று இருந்தால் உண்டு. கடைசி இலக்கம் 1-ஆ 3-ஆ என்பதில் இரண்டு வருடம் தொங்குகிறது. ஒரே பெயருள்ள பட்டத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேறு வேறு எண் வைத்திருக்கலாம். எம்பிஏவிலும் அப்படித்தான், சில இடங்களில் முழு எம்பிஏவும் ஸ்டெம், சில இடங்களில் குறிப்பிட்ட பிரிவை எடுத்தால் மட்டும். தளத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பி விடாமல், சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, "என் ஐ-20யில் எந்த சிஐபி எண் வரும்?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஸ்டெம் நீட்டிப்புக்கு வேலை தரும் நிறுவனம் இ-வெரிஃபை என்ற, ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் திட்டத்தில் இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இல்லாமல் இருக்கும் நாட்களுக்கும் வரம்பு உண்டு: முதல் ஓபிடியில் 90 நாள், நீட்டிப்பும் சேர்த்து 150.

அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசா கிடைத்துவிடுமா?

யாரும் உறுதி சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகமாக இருப்பதால் குலுக்கல். பதிவு மார்ச்சில். மூன்று வருட ஓபிடி இருந்தால் மூன்று முறை சீட்டுப் போடலாம், ஒரு வருடம் என்றால் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு. விதிகளும் நிலையாக இல்லை, 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஒரே நாளில் அறிவிப்பு வந்து, அதில் யார் அடக்கம், யார் இல்லை என்று புரிவதற்குள் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதனால் குலுக்கலில் விழாவிட்டாலும் படித்த படிப்பும் வாங்கிய கடனும் தாங்குமா என்று பார்த்துவிட்டு இடத்தைத் தேர்வு செய்யுங்கள். என் கணக்கில் கடன் குறைவான இடத்துக்கு ஒரு மார்க் கூடுதலாக விழுவது இதனால்தான்.

வேலைவாய்ப்பு 95 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே?

எதில் 95? பதில் சொன்னவர்களில் 95-ஆ, படித்தவர்களில் 95-ஆ? மேற்படிப்புக்குப் போனவர்களையும் சேர்த்தா? வெளிநாட்டு மாணவர்கள் அதில் எத்தனை பேர்?

எம்பிஏ பள்ளிகளுக்கு இதில் ஒரு பொதுத் தரவு முறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் பள்ளிகளின் அறிக்கையில், அமெரிக்காவில் நிரந்தரமாக வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கும். இரண்டாவது வரிதான் நீங்கள். முதல் வரியில் 90 என்றும் இரண்டாவதில் 70 என்றும் இருந்தால் உங்கள் எண் 70. இளங்கலையில் இப்படிப் பிரித்துப் போடுகிறவர்கள் குறைவு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். "கடந்த இரண்டு வருடத்தில் எஃப்-1 மாணவர்களை எடுத்த நிறுவனங்களின் பட்டியல் தர முடியுமா?" என்று கரியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஒரு இடத்திலிருந்து மறுநாளே பட்டியல் வரும், இன்னொரு இடத்திலிருந்து "எங்கள் மாணவர்கள் பல துறைகளில் சிறந்து விளங்குகிறார்கள்" என்று வரும். சேர்ந்த பிறகும் அவர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள்.

யாரையும் கேட்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. எந்த நிறுவனத்துக்கு எத்தனை எச்-1பி அனுமதி கிடைத்தது என்பதை அமெரிக்கக் குடியேற்றத் துறையே வெளியிடுகிறது, ஊர் பெயர் போட்டுத் தேடலாம். இரண்டு பல்கலைக்கழகமும் இருக்கும் ஊர்களைப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை.

பெரிய நகரமா, சின்ன ஊரா?

நகரம் என்றால்தான் வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது, பாதிதான் சரி. ஃபைனான்ஸுக்கு நியூயார்க்கில் படித்தால் வகுப்பு முடிந்து சப்வே பிடித்து ஒருவரோடு காபி குடித்துவிட்டு வரலாம், அது பெரிய வசதிதான். ஆனால் அர்கன்சாஸில் ஃபேயட்வில் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து அரை மணி தூரத்தில் பென்டன்வில், வால்மார்ட்டின் தலைமையகம். அவர்களுக்குச் சரக்கு விற்கும் நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பகுதியில் அலுவலகம் போட்டிருக்கின்றன. ரீடெய்ல், சப்ளை செயின் படிப்பவருக்கு அந்தச் "சின்ன ஊர்" நியூயார்க்கைவிட மேல். மெம்ஃபிஸில் ஃபெடெக்ஸ், சின்சினாட்டியில் பி அண்ட் ஜி, க்ரோகர், சார்லட்டில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஹூஸ்டனில் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள். நீங்கள் என்ன வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ அதற்கு எந்த ஊர் என்று பாருங்கள்.

கார் இல்லாமல் அந்த ஊரில் காய்கறி வாங்க முடியுமா என்பதையும் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஜனவரியில் பஸ் ஸ்டாப்பில் பனிக்காற்றில் இரண்டு கையிலும் பையோடு நின்றால் சிரிப்பு வராது.

கேம்பஸில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாமா?

முடியாது. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் கேம்பஸுக்குள். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், அதையே பின்பற்றும் மாநிலங்களில் வாரம் 145 டாலர். சில மாநிலங்களில் இரு மடங்குக்கு மேலும் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் மளிகைக்கும் போன் பில்லுக்கும் ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. முதுகலையில் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பாடம் நடத்தவோ ஆய்வுக்கோ பேராசிரியருக்கு உதவும் வேலை, கிடைத்தால் கதை வேறு, கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் இடங்கள் உண்டு, ஆனால் எம்பிஏவில் அது அபூர்வம்.

"முதல் நாளிலிருந்தே சிபிடி, முழுநேர வேலை" என்று ஒரு கல்லூரி சொல்கிறது. சேரலாமா?

வேண்டாம். சிபிடி என்பது படிப்பின் பகுதியாகப் பார்க்கும் இன்டர்ன்ஷிப்புக்கான அனுமதி, வழக்கமாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான். முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் அந்தப் பட்டத்துக்கு ஓபிடி கிடையாது. வேலையைக் காட்டி ஆள் சேர்க்கும் இடங்களில் படித்தவர்களுக்குப் பிறகு விசா மாற்றும்போது துருவித் துருவிக் கேள்வி வரும்.

"இன்டர்நேஷனல் பிசினஸ்" என்றே ஒரு மேஜர் இருக்கிறது, அதை எடுக்கலாமா?

தனியாக வேண்டாம், கூடவே எடுங்கள் என்பேன். ஃபைனான்ஸ், அக்கவுண்டிங், சப்ளை செயின், அனலிட்டிக்ஸ் இவற்றில் ஒன்று கையில் இருந்து அதோடு இது இருந்தால் அழகு. நேர்காணலில் "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்றால் உலக வணிகம் தெரியும் என்று சொல்லி எந்த வேலையும் கிடைக்காது. பல இடங்களில் இரண்டாவது மேஜராகத்தான் எடுக்கவே விடுகிறார்கள், அது நல்லதற்குத்தான்.

அக்கவுண்டிங் நினைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: சிபிஏ என்ற உரிமம் பெற்ற கணக்காளர் ஆவதற்குப் பல மாநிலங்கள் 150 கிரெடிட் (முடித்த பாடங்களை அளக்கும் அலகு) கேட்டு வந்திருக்கின்றன, நான்கு வருடப் பட்டத்தில் வழக்கமாக 120தான். இப்போது சில மாநிலங்கள் வேறு வழியும் திறக்கின்றன. நீங்கள் போகும் மாநிலத்தின் விதியைப் பாருங்கள்.

இரண்டு இடத்திலிருந்தும் ஐ-20 வந்துவிட்டது. விசாவுக்கு எதைக் காட்டுவது?

சேரப்போகும் இடத்தினுடையதை மட்டும். ஒவ்வொரு ஐ-20க்கும் தனி செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அரசுப் பதிவேடு) எண் உண்டு, விசாவில் அந்த எண்தான் ஏறும், முதல் முறை நாட்டுக்குள் நுழையும்போதும் அதே பல்கலைக்கழகத்தின் ஐ-20தான் கையில் இருக்க வேண்டும். செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185. செவிஸ் கட்டணத்தைக் கட்டிய பிறகு மனம் மாறினால் அதே கட்டணத்தை மற்ற எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், இரண்டாவது முறை கட்ட வேண்டியதில்லை. வகுப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னால்தான் உள்ளே விடுவார்கள், ஆனால் விசாவை 365 நாள் முன்பே கொடுக்கலாம் என்பதால், முடிவெடுத்ததும் நேர்காணல் தேதி பிடித்துவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு ஜூன் வரை யோசித்தவர்கள் தேதி கிடைக்காமல் அல்லாடியதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசித் தேதி வந்துவிட்டது, இன்னும் முடிவாகவில்லை. இரண்டிலும் டெபாசிட் கட்டி வைக்கலாமா?

கட்டாதீர்கள். இளங்கலைக்கு வழக்கமான தேதி மே 1, இரண்டு இடத்திலும் கட்டியது தெரிந்தால் அட்மிஷனைத் திரும்பப் பெற உரிமை இருக்கிறது என்று பல இடங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முதுகலையில் நிதி உதவியோடு வரும் ஆஃபருக்கு, அதற்கான பொது உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகமாக இருந்தால், ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லும்படி உங்களை நெருக்க முடியாது. எம்பிஏவில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தேதி, டெபாசிட்டும் பெரியது. கட்டுவதற்கு முன், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா, அடுத்த ஆண்டுக்கு இடத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் மாறலாமா?

மாறலாம், செவிஸ் பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றுவார்கள், நடைமுறை சிக்கலானதல்ல. கிரெடிட்தான் சிக்கல். பிசினஸ் ஸ்கூல்கள் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களை வெளியிலிருந்து ஏற்க யோசிக்கும். மாறுபவர்களுக்கு ஸ்காலர்ஷிப்பும் குறைவு. "இப்போதைக்குச் சேர்ந்துவிட்டு மாறிக்கொள்ளலாம்" என்று திட்டம் போட்டுச் சேராதீர்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இரண்டும் சமமாகத்தான் வருகிறது.

அப்படியானால் இரண்டு இடத்திலும் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு வெளிநாட்டு மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து தரும் மாணவத் தூதர் வேண்டாம், அவர் வேலையே நல்லது சொல்வது. லிங்க்ட்இன்னில் தேடுங்கள். "கோடையில் எங்கே இன்டர்ன்ஷிப் பார்த்தீர்கள், அது எப்படிக் கிடைத்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். ஒருவர் "கரியர் ஃபேரில் போய்ப் பேசினேன், வெளிநாட்டு மாணவர்களை எடுப்பவர்கள் யார் என்று முன்பே பட்டியல் கொடுத்திருந்தார்கள்" என்பார். இன்னொருவர் "நானே 200 இடத்துக்கு அனுப்பினேன்" என்பார். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்த பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதுவது?

மூன்று வரி போதும். இடம் கொடுத்ததற்கு நன்றி, வேறு இடத்தில் சேர முடிவெடுத்திருக்கிறேன், என் இடத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் விடுவித்துவிடுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட மறக்காதீர்கள். அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.